ஷர்லி காலின்ஸை எந்த வரிசையில் கேட்பது?

1935இல் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸில் பிறந்த நாட்டுப்புறப் பாடகி ஷர்லி காலின்ஸைப் புதிதாகக் கேட்கத் தொடங்குவோர், 1969இல் வெளிவந்த ‘ஆந்தம்ஸ் இன் ஈடன்’ தொகுப்பை முதலில் எடுத்துக்கொள்ளலாம். அதன் பாடல்களுக்குப் பின்னணி இசையை ஒழுங்கமைத்தவர் அவருடைய அக்கா டாலி. பழங்கால ஊதுகருவிகள் சூழ்ந்து ஒலிக்க, ஷர்லியின் குரல் எந்த அலங்காரமுமின்றி, கதை சொல்லும் ஒரே நோக்கத்துடன் நேராகச் செல்வதை முதல் முறை கேட்கும்போது கவனியுங்கள். உணர்ச்சியைக் கூட்டிப் பாடாத அந்தக் கட்டுப்பாடே அவருடைய பெரிய பலம் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, மின்கிதார் ஒலிக்கும் 1971ஆம் ஆண்டின் ‘நோ ரோசஸ்’. இடையில், 1959இல் நாட்டுப்புறப் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸுடன் அமெரிக்கத் தென்மாநிலங்களில் ஊர் ஊராகச் சென்று, எளிய மக்களின் பாடல்களை ஒலிப்பதிவு செய்த அவருடைய பயணத்தைப் பற்றியும் படித்துக்கொள்ளுங்கள். எளிமையின் மீது அவருக்கிருந்த மதிப்பு அப்போது நன்கு விளங்கும்.

‘லோட்ஸ்டாரை’க் கடைசிக்கு வையுங்கள். 1970களின் இறுதியில் குரல்வளப் பாதிப்பால் பாட முடியாமற்போனவர், 38 ஆண்டுகளுக்குப் பின் 2016இல் வெளியிட்ட தொகுப்பு அது. குரல் தாழ்ந்து, கரகரத்திருக்கும். ஆயினும் சொற்களை வைக்கும் விதம் மாறவில்லை. ‘ஆந்தம்ஸ் இன் ஈடன்’, ‘லோட்ஸ்டார்’ ஆகிய இரண்டு தொகுப்புகளிலிருந்தும் ஒவ்வொரு பாடலை அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.