ஸ்டவுட்டில் ஹொப்ஸ் கசப்பு: எங்கே பிழைக்கிறது?

யாழ்ப்பாணத்தில் ஸ்டவுட் (வறுத்த தானியத்தில் செய்யும் கறுப்புப் பியர்) என்றால் பெரும்பாலும் லயன் ஸ்டவுட்தான். 8.8 சதவீத மதுசாரம், கறுகறுவென்ற நிறம், வாயில் நிற்கிற இனிப்பு. இந்த ருசியோடு வளர்ந்தவர்கள் ரொறன்ரோவிலோ லண்டனிலோ ஒஸ்லோவிலோ வீட்டில் பியர் காய்ச்சத் தொடங்கினால் முதலில் கேட்பது "லயன் மாதிரி ஒன்று செய்ய ஏலுமோ?" என்பதுதான். செய்து பார்த்துவிட்டுச் சொல்வது இரண்டில் ஒன்று: "சரியான கசப்பு" அல்லது "பாணி குடிக்கிற மாதிரி இருக்கு". இரண்டுக்கும் காரணம் ஒன்றே. பியரில் கசப்புக்காகப் போடும் ஹொப்ஸ் பூவின் கசப்பைத் தனியாக நிற்கிற ஓர் எண்ணாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது மதுவரிச் சட்டப்படி குற்றம். ஆகவே இது வீட்டில் பியர் காய்ச்சச் சட்டம் இடம்கொடுக்கும் நாடுகளில் இருப்பவர்களுக்கும், ஊரில் குடித்துப் பார்த்து யோசிப்பவர்களுக்கும்.

கசப்பை ஐபியு என்ற அலகால் அளக்கிறார்கள். ஹொப்ஸ் பூவிலுள்ள அல்பா அமிலங்கள் கொதிக்கும்போது வடிவம் மாறிக் கரைகின்றன. அப்படிக் கரைந்தது லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் என்றால், கிட்டத்தட்ட ஒரு ஐபியு. பியர்ப் போட்டி நடுவர்களுக்கான அமெரிக்காவின் பிஜேசிபி அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஐரிஷ் ஸ்டவுட்டுக்கு 25 முதல் 45, இனிப்பு ஸ்டவுட்டுக்கு 20 முதல் 40, ஓட்ஸ் ஸ்டவுட்டுக்கு 25 முதல் 40, ட்ரொபிக்கல் ஸ்டவுட்டுக்கு 30 முதல் 50, ஃபொறின் எக்ஸ்ட்ரா ஸ்டவுட்டுக்கு 50 முதல் 70, இம்பீரியல் ஸ்டவுட்டுக்கு 50 முதல் 90 என்று இருக்கிறது. "ஸ்டவுட்டுக்கு எவ்வளவு கசப்பு?" என்ற கேள்விக்கு 20 முதல் 90 வரை எதுவும் விடையாகலாம் என்பதை இதிலேயே பார்க்கலாம்.

லயன் இதில் ட்ரொபிக்கல் ஸ்டவுட் வகை. அதே வழிகாட்டி உதாரணமாகக் காட்டும் பியர்களில் அதுவும் ஒன்று. ஆனால் "வெப்பநாட்டுக்குப் போன கடும் ஸ்டவுட்" என்று தேடுபவர்களின் கையில் அகப்படுவது பெரும்பாலும் ஃபொறின் எக்ஸ்ட்ராவின் செய்முறை. டப்ளினிலுள்ள கின்னஸ் ஆலை 1801இல் வெஸ்ட் இந்தியா போர்ட்டர் என்று ஒரு கறுப்புப் பியரைக் காய்ச்சியது. மாதக்கணக்கான கப்பல் பயணத்தில் கெடாமல் இருக்க ஹொப்ஸைக் கூட்டினார்கள். அந்த வழியில் வந்ததுதான் ஃபொறின் எக்ஸ்ட்ரா. ட்ரொபிக்கலுக்கும் இதற்கும் மதுசாரம் கிட்டத்தட்ட ஒன்று, நிறமும் ஒன்று, கசப்போ மலைக்கும் மடுவுக்கும். லயன் ருசியை நினைத்துக்கொண்டு 60 ஐபியுவில் காய்ச்சினால் ஏமாற்றந்தான் மிஞ்சும்.

அடுத்தது, கசப்பை எண்ணும்போது இனிப்பை எண்ணாமல் விடுவது. இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. தானியத்தை ஊறவைத்து வடித்த சாற்றின் சாரடர்த்தியை (தண்ணீரை 1.000 என்று வைத்து அளக்கும் அடர்த்தி), புளிக்க விடுமுன் ஹைட்ரோமீட்டரில் பாருங்கள். 1.042 என்றால் 42 புள்ளி. ஐபியுவை அந்தப் புள்ளியால் பிரியுங்கள். 42 புள்ளி ஐரிஷ் ஸ்டவுட்டில் 40 ஐபியு என்றால் விகிதம் 0.95. 70 புள்ளி ட்ரொபிக்கல் ஸ்டவுட்டில் 38 என்றால் 0.54. ஐபியு ஏறத்தாழ ஒன்றுதான், ஆனால் முதலாவது வறண்ட கசப்பாகவும் இரண்டாவது இனிப்பாகவும் நாக்கில் படும். இந்த விகிதமும் முழுதாக நம்பத் தக்கதல்ல. புளித்து முடிந்தபின் எவ்வளவு சீனி மிஞ்சியது என்பது அதற்குத் தெரியாது. 1.008இல் முடிகிற பியரும் 1.020இல் முடிகிற பியரும் ஒரே விகிதத்தில் தொடங்கியிருந்தாலும் ஒன்றல்ல.

இங்கேதான் எங்கள் ஆட்கள் விடும் தனிப் பிழை ஒன்று வருகிறது. கசப்புக் கூடிவிட்டது என்று பனங்கட்டி போடுவார்கள், ஊர் வாசமும் வரும் என்ற ஆசையில். கள்ளு என்ன செய்கிறது என்று தெரிந்தவர்களே இதைச் செய்வதுதான் வேடிக்கை. முட்டியில் சுண்ணாம்பு பூசினால் கருப்பணி இனிப்பாகவே இருக்கும், பூசாவிட்டால் இனிப்பு முழுவதும் மதுவத்துக்கு இரையாகிப் பொழுது ஏற ஏறப் புளித்துக்கொண்டே போகும். பனங்கட்டியில் இருப்பது பெரும்பாலும் சாதாரண சீனிதான். பியருக்குள் போட்டால் மதுவம் அதைத் தின்று முடிக்கும், மதுசாரம் கூடும், பியர் வாயில் மெலிதாகும், கசப்பு முன்னைவிடத் தூக்கலாகத் தெரியும். வாசம் கொஞ்சம் மிஞ்சும், அவ்வளவுதான். போத்தலில் அடைக்கும்போது அளவில்லாமல் போட்டால் காபனீரொட்சைட்டு அழுத்தத்தில் போத்தலே வெடிக்கும். இனிப்பு நிற்க வேண்டுமென்றால் பாலிலுள்ள சீனியான லக்டோஸ் போடலாம், வழமையான பியர் மதுவத்தால் அதைத் தின்ன முடியாது. பால் ஒத்துவராதவர்களுக்குக் கொடுக்குமுன் சொல்லிவிடுங்கள்.

வறுத்த பார்லியை மறப்பதும் அடிக்கடி நடக்கும். ஐரிஷ் ஸ்டவுட்டில் தானியத்தின் பத்தில் ஒரு பங்களவு கறுக்க வறுத்த பார்லியாக இருக்கும். அதிலிருந்து கோப்பிக் கசப்பும் சிறு புளிப்பும் வரும். ஐபியு சூத்திரம் இவற்றைக் கணக்கில் எடுப்பதே இல்லை. தாளில் 38 என்று இருக்கும், வாயில் 50 போல இருக்கும். வறுவல் கூடினால் ஹொப்ஸ் குறைய வேண்டும். என்னைக் கேட்டால், பத்து வீதம் வறுத்த பார்லி போடுகிறவர் 35க்கு மேலே போகத் தேவையில்லை. மறுபக்கம், "நிறமே கறுப்பு, கசப்பு தானாக வரும்" என்று ஹொப்ஸை 15க்கு இறக்குவதும் சரிவராது. வறுவல் கசப்பு தொடக்கத்தில் கரித்துவிட்டுப் போய்விடும். கடைசி மிடறுவரை இனிப்பைக் கட்டுப்படுத்தி வைப்பது ஹொப்ஸ்தான்.

கிராம் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு பிரதி பண்ண வேண்டாம். 20 லீற்றர், 1.050 சாறு, ஒரு மணித்தியாலக் கொதிப்பு என்று வையுங்கள். 5 சதவீத அல்பா அமிலமுள்ள கோல்டிங்ஸ் வகை ஹொப்ஸ் என்றால் 35 ஐபியுவுக்கு ஏறக்குறைய 60 கிராம் வேண்டும். 12 சதவீத மக்னம் வகை என்றால் 25 கிராமே போதும். செய்முறையில் 60 கிராம் என்று இருப்பதைப் பார்த்து மக்னம் 60 கிராம் போட்டால் 80ஐத் தாண்டிவிடும். ஒரே வகை ஹொப்ஸிலும் அறுவடைக்கு அறுவடை அல்பா மாறும், பைக்கற்றில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். சூட்டில் கிடந்த ஹொப்ஸ் பலம் இழக்கும், உறைபெட்டியில் காற்றுப் படாமல் வையுங்கள். சாறு கட்டியாக இருந்தாலும் கசப்பு குறைவாகவே இறங்கும். ஐபியு கணக்கிடும் டின்செத் சூத்திரப்படி 1.050 சாற்றில் ஒரு மணித்தியாலத்தில் 23 சதவீதம் கரைந்தால், 1.080இல் அது 18க்குக் கீழே போகிறது. சின்னச் சட்டியில் கட்டியாகக் கொதிக்கவைத்துப் பிறகு தண்ணீர் விடுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

வாசனைக்காகக் கடைசியில் போடும் தோடம்பழ மணமுள்ள அமெரிக்க ஹொப்ஸ் பற்றி ஒரே வரி: அமெரிக்க ஸ்டவுட்டுக்குச் சரி, மற்றவற்றில் வறுவலோடு முட்டிக்கொள்ளும்.

தண்ணீர் பெரிய விஷயம், அதைத்தான் பலரும் பார்ப்பதில்லை. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படை எல்லோருக்கும் பழக்கம். டப்ளின் தண்ணீரும் இருகாபனேற்றுக்குப் பேர் போனதுதான். வறுத்த தானியம் புளிப்பைக் கூட்டும், இருகாபனேற்று அதைத் தணித்து வைக்கும். கறுப்புப் பியர் அங்கே நன்றாக அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். லண்டன் குழாய்த் தண்ணீரும் கடினமானது, ஸ்டவுட்டுக்கு அப்படியே உதவும். ஒஸ்லோவிலோ கிளாஸ்கோவிலோ தண்ணீர் மென்மை. அங்கே அதே செய்முறையைப் போட்டால் தானியக் கலவையின் பிஎச் (இது இறங்கினால் புளிப்புக் கூடும்) 5.2க்குக் கீழே விழுந்து, கசப்பு கூர்மையாக, சாம்பல் கடித்த மாதிரி வரும். பழி ஹொப்ஸின் மேல் விழும். 5.4 முதல் 5.6 வரை பிஎச் இருந்தால் நல்லது. வறுத்த பார்லியைத் தானிய ஊறலின் கடைசியில் சேர்த்தாலும் பாதிப் பிரச்சினை தீரும். வெளிர் பியருக்குச் சொன்ன அறிவுரையைக் கேட்டு ஜிப்சம் போடாதீர்கள். அதிலுள்ள சல்பேற்று ஹொப்ஸ் கசப்பைத் தீட்டிவிடும். கல்சியம் குளோரைட்டு உருண்டையான ருசி தரும்.

குடிக்கும்போதும் தவறு நடக்கிறது. எங்கள் வெயிலுக்கு ஐஸில் போட்ட ஸ்டவுட் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் உறையும் குளிரில் மோல்ட்டின் (முளைகட்டிக் காயவைத்த தானியம்) இனிப்பு அடங்கிப்போகும், கரிப்பு மட்டும் முன்னே நிற்கும். 10 பாகை செல்சியசுக்குக் கிட்ட வரட்டும். நைதரசன் ஏற்றிய ஸ்டவுட் மென்மையாக இருப்பதைப் பார்த்து "இதில் ஹொப்ஸ் குறைவு" என்று முடிவு கட்டுவதும் பிழை. காபனீரொட்சைட்டின் கடிப்பு குறைவாக இருப்பதால்தான் அப்படித் தோன்றுகிறது.

கடைசியாக, அவசரம். கடும் ஸ்டவுட்டை இரண்டு கிழமையில் திறந்துவிட்டு ஹொப்ஸ் அளவை மாற்றாதீர்கள். கசப்பு மாதக்கணக்கில் மெல்ல இறங்கும். இம்பீரியலுக்கு 90 வரை இடம் கொடுத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

லயன் பக்கம் போக விரும்புகிறவர்களுக்கு, நான் தொடங்கச் சொல்லும் இடம்: 20 லீற்றர், சாரடர்த்தி 1.070, 12 சதவீத மக்னம் 31 கிராம் ஒரு மணித்தியாலம், அதாவது 36 ஐபியு. வாசனை ஹொப்ஸ் வேண்டாம். வறுத்த பார்லியை ஐந்து வீதத்தோடு நிறுத்தி, மிச்ச நிறத்தைச் சொக்லேட் மோல்ட்டிடம் விடுங்கள். மதுவம் லாகர் வகையாகவோ, பழவாசம் அதிகம் தராத ஏல் வகையாகவோ இருக்கட்டும். 1.018க்குக் கிட்ட நின்றால் போதும். முதல் போத்தலை ஆறு கிழமைக்குப் பிறகு திறவுங்கள், அப்போதும் கசந்தால் அடுத்த முறை ஐந்து கிராம் குறையுங்கள்.