டீமோடு வின்செஸ்டர் மாளிகை: நான் சொதப்பிய இடங்கள்

கலிஃபோர்னியாவின் சான் ஹோசே பக்கம் ஐடி வேலை பார்ப்பவர்களுக்கு டீம் அவுட்டிங் என்றால் சுற்றிச் சுற்றி அதே நாலைந்து இடங்கள்தான். பவுலிங், எஸ்கேப் ரூம், அப்புறம் பேய் வீடு என்று பெயரெடுத்த வின்செஸ்டர் மாளிகை. எதிரிலேயே சாண்டானா ரோ கடைவீதி இருப்பதால் மதியச் சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம். மூன்று வெவ்வேறு டீம்களோடு நான் அங்கே போயிருக்கிறேன். முதல் முறை ஏற்பாடு முழுக்க என் பொறுப்பு. முடிந்த அளவுக்குச் சொதப்பினேன்.

முதல் சொதப்பல் அழைப்பிதழிலேயே நடந்தது. 'பேய் பங்களா போகிறோம், தைரியம் இருப்பவர்கள் வரலாம்' என்று மெயில் போட்டேன். அதைப் பார்த்துப் பயந்து மூன்று பேர் ஏதோ காரணம் சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் கதவு மூலையிலிருந்து எலும்புக்கூடு பாயும் என்று எதிர்பார்த்து வந்து ஏமாந்தார்கள். பகலில் நடப்பது பழைய வீட்டைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டிச் சுற்றுலா, அவ்வளவுதான். பயமுறுத்துவதற்கென்றே அக்டோபர் இரவுகளில் தனி நிகழ்ச்சி உண்டு, டிக்கெட்டும் தனி. பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமையில் வந்தால் டார்ச் வெளிச்சத்தில் சுற்றிக்காட்டுவதும் உண்டு. எதற்குப் போகிறோம் என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இரவு நிகழ்ச்சி என்றால் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இந்தியா டீமோடு பேசும் நேரமும் அதுதான். பாதிச் சுற்றில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு 'சொல்லுங்க, கேக்குது' என்று ஒருவர் முணுமுணுத்தால் எந்தப் பேயும் அங்கே நிற்காது.

அடுத்த தவறுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. போகிற வழியிலேயே வேனில் முழுக் கதையையும் நானே சொல்லி முடித்துவிட்டேன். உங்களுக்கும் தெரிந்திருக்கும். துப்பாக்கிக் கம்பெனி வாரிசான வில்லியம் வின்செஸ்டரின் மனைவி சாரா. அவருக்கு 1866இல் பிறந்த பெண் குழந்தை ஆனி ஆறே வாரத்தில் இறந்தது. 1881இல் காசநோய் கணவரையும் கொண்டுபோனது. வின்செஸ்டர் துப்பாக்கிக்குப் பலியானவர்களின் ஆவிகள் துரத்துவதாகவும், வீடு கட்டிக்கொண்டே இருந்தால்தான் பிழைக்கலாம் என்றும் ஒரு குறிகாரர் சொன்னாராம். அதனால் 38 வருடம் இரவும் பகலும் சுத்தியல் சத்தம் ஓயவே இல்லையாம்.

இதில் குழந்தையும் கணவரும் இறந்தது உண்மை. குறிகாரர் கதைக்கு ஆதாரமே இல்லை. சாரா எட்டு அறைகள் கொண்ட, முடிவடையாத பண்ணை வீட்டை வாங்கியது 1886இல். இறந்தது 1922 செப்டம்பர் 5ஆம் தேதி. விரல் விட்டு எண்ணினாலே 36 வருடம்தான் வருகிறது! இடையிடையே வேலையாட்களை நிறுத்திவைத்ததாக அவருடைய கடிதங்களிலிருந்தே தெரிகிறது.

சரி, கூரையில் போய் முட்டும் படிக்கட்டும், திறந்தால் அந்தரத்தில் விழவைக்கும் கதவும் ஏன் இருக்கின்றன? 1906 ஏப்ரலில் வந்த பெரிய நிலநடுக்கத்தில் ஏழு மாடிக் கோபுரம் இடிந்து விழுந்தது. சேதமான பகுதிகளில் பலவற்றை சாரா திரும்பக் கட்டவில்லை. முன்பக்கத்தை அப்படியே அடைத்துவிட்டார். மேலே மாடி இருந்த காலத்தில் அந்தப் படிகள் எங்கோ போய்ச் சேர்ந்திருக்கும் என்பதே நம்பும்படியான விளக்கம். இன்னொரு படிக்கட்டில் 44 படிகள், ஒவ்வொன்றும் இரண்டு அங்குலத்துக்குச் சற்றே அதிக உயரம். ஏழு பிரிவுகளாக வளைந்து வளைந்து ஏறினாலும் மொத்தம் ஒன்பது அடிதான் மேலே போயிருப்போம். பேயைக் குழப்பக் கட்டியது என்று வேனில் நான் அளந்துவிட்டிருந்தேன். சாராவுக்குக் கடுமையான மூட்டுவலி, காலைத் தூக்கி வைக்க முடியாததால் கட்டிய படி அது. அதைக் கேட்டதும் எங்கள் டீமில் ஒரு அக்கா, "எங்க அம்மாவுக்கு இப்படி ஒரு படி கட்டிக் குடுத்தா போதும், மாடிக்கு வந்துடுவாங்க" என்றார். அன்றைக்கு எல்லோரும் நின்று பார்த்த ஒரே இடம் அதுதான்.

அதனால் கதையை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். வழிகாட்டி சொல்லும்போது கேட்கட்டும். சாரா இறந்த மறு வருடமே, 1923இல், காசு வாங்கிக்கொண்டு ஆட்களை உள்ளே விட ஆரம்பித்துவிட்டார்கள்; பேய்க்கதை இருந்தால்தான் டிக்கெட் போகும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னாலிருந்து 'பே' என்று கத்தும் ஆள் எல்லா டீமிலும் ஒருவர் இருப்பார். அவரைத் தனியாகக் கூப்பிட்டு முதலிலேயே சொல்லிவைத்துவிடுங்கள். வீட்டில் சுமார் 160 அறைகள் இருந்தும் நடைவழிகள் குறுகல்தான். படிகளின் உயரமும் இடத்துக்கு இடம் மாறும். அங்கே திடுக்கிட்டால் கால் பிசகும். ஆனால் எங்களுக்கு நேர்ந்தது வேறு. ஆவிகளோடு சாரா பேசியதாகச் சொல்லப்படும் அறைக்குள் போனபோது, ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம், "உங்க அப்பா வந்து நிக்கிறார் பாருங்க" என்று கிசுகிசுத்தார். அந்த அப்பா இறந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை என்பது சொன்னவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், அதுதான் என் தவறு. சாப்பாட்டு மேசையில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

மற்றவை சின்ன விஷயங்கள். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்குச் சுற்று கிளம்பிவிடும். 280 நெடுஞ்சாலையில் டிராஃபிக் என்று சொன்னால் வீடு காத்திருக்காது. சாப்பாட்டுக்குப் பிறகு சுற்று என்று வைத்தால் இரண்டு பேராவது தாமதமாவார்கள், அதனால் சுற்றை முன்னால் வையுங்கள். உள்ளே ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்துகொண்டே இருக்க வேண்டும், அதனால் பாத்ரூம் போய்விட்டு, தட்டையான செருப்பு போட்டு வரச் சொல்லுங்கள். கோடை என்றால் புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலோடோ வருபவர் டீமில் இருந்தால் டிக்கெட் எடுக்கும் முன் அவரிடமே கேளுங்கள், வீட்டின் பெரும்பகுதிக்குப் படி ஏறித்தான் போக வேண்டும். கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக் கூட்டிவருபவருக்கும் இதே பிரச்சினைதான். வழிகாட்டியை விட்டுவிட்டு 'இந்தக் கதவுக்குப் பின்னால் என்ன' என்று தனியாகப் போகிறவரை மட்டும் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள்; சுமார் இரண்டாயிரம் கதவுகள் இருக்கும் வீட்டில் ஆளைத் தேடுவது வேடிக்கையில்லை.

எல்லோரும் உள்ளே வந்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தவும் வேண்டாம். மூன்றாம் முறை போனபோது ஒருவர், "இருட்டான சின்ன ரூம் எல்லாம் எனக்குச் சரிப்படாது சார், தோட்டத்துலயே இருக்கேன்" என்றார். எங்கள் பைகளை அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனோம். வெளியே வந்ததும், மாடியிலிருந்து அந்தரத்தில் திறக்கும் அந்தக் கதவைக் காட்டலாம் என்று ஆசையோடு அவரிடம் ஓடினேன். அவர் பெஞ்சில் சாய்ந்தபடி, படியே இல்லாமல் சுவரில் தொங்கிக்கொண்டிருந்த அதே கதவைக் கைகாட்டினார். "ஒரு மணி நேரமா இதைத்தான் பாத்துட்டிருக்கேன் சார். உள்ள இருந்து பாத்தா எப்படி இருந்துச்சு?"