கிரேஸ் டார்லிங் அருங்காட்சியகம்: போகிறவர்கள் செய்யும் தவறுகள்

வடகிழக்கு இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்து கடற்கரையில் பேம்பரோ என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. பாறை மேல் பெரிய கோட்டை. ஊருக்குள், தேவாலயத்துக்கு எதிரே, கிரேஸ் டார்லிங் என்ற பெண்ணின் நினைவாக ஒரு சிறிய அருங்காட்சியகம். கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள், கார் நிறுத்தச் சீட்டில் நேரம் மிச்சமிருக்கிறதே என்பதற்காக இங்கேயும் எட்டிப் பார்க்கிறார்கள். அனுமதி இலவசம். பத்து நிமிடத்தில் ஒரு சுற்று வந்து, “ஒரு பெண் புயலில் தனியாகப் படகோட்டி ஒன்பது பேரைக் காப்பாற்றினாளாம்” என்று சொல்லிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அந்த ஒற்றை வாக்கியத்திலேயே இரண்டு பிழைகள். கிரேஸ் தனியாகப் போகவில்லை; அவர் போன நடையில் படகில் ஏறியவர்கள் ஒன்பது பேரும் அல்லர்.

இந்தப் பிழைகளைத் திருத்தினால் கதை சிறுத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். எனக்கென்னவோ அது பெரிதாகிறது என்றுதான் படுகிறது. ஆகவே உள்ளே போவதற்கு முன் நடந்ததைத் தெரிந்துகொள்வது நல்லது.

1838 செப்டம்பர் 5 அன்று மாலை ஹல் துறைமுகத்திலிருந்து ஸ்காட்லாந்தின் டண்டீக்குப் புறப்பட்டது ‘ஃபார்ஃபர்ஷயர்’ என்ற நீராவிக் கப்பல். வழியில் கொதிகலன் கசிந்தது. வடக்கே ஸ்காட்லாந்துக் கரையோரம் போனபோது இயந்திரம் அடியோடு நின்றுபோனது. வடகாற்று கப்பலைத் தெற்கே தள்ளிக்கொண்டு வந்து, 7ஆம் தேதி விடிவதற்கு முன், ஃபார்ன் தீவுக்கூட்டத்தில் பிக் ஹார்கர் என்னும் பாறையில் மோதியது. கப்பல் இரண்டாகப் பிளந்தது. பின்பாதியைக் கடல் கொண்டுபோனது. முன்பாதியில் இருந்தவர்களில் சிலர் பாறையில் தொற்றிக்கொண்டார்கள்.

அதே தீவுக்கூட்டத்தில் உள்ள லாங்ஸ்டோன் கலங்கரை விளக்கத்தின் காவலர் வில்லியம் டார்லிங். அவருடைய மகள் கிரேஸுக்கு அப்போது வயது 22. சிதைந்த கப்பலைச் சன்னல் வழியாக முதலில் பார்த்தவர் அவர்தான். வெளிச்சம் நன்றாக வந்த பிறகே பாறையில் ஆட்கள் அசைவது தெரிந்தது. வழக்கமாகத் துடுப்புப் பிடிக்கும் தம்பி அன்று கரையில் இருந்தார். படகை இறக்கத் தாய் கைகொடுக்க, தந்தையும் மகளும் புறப்பட்டார்கள். நேர்வழியில் போக முடியாத கடல். தீவுகளின் காற்று மறைவை ஒட்டிச் சுற்றிக்கொண்டு ஏறக்குறைய ஒரு மைல் துடுப்புப் போட்டார்கள். முதல் நடையில் நான்கு ஆண்களும் ஒரு பெண்ணும் ஏறினார்கள். அந்தப் பெண்ணின் இரண்டு குழந்தைகளும் இரவே பாறையில் இறந்துவிட்டிருந்தார்கள். கிரேஸை விளக்கத்தில் விட்டுவிட்டு, மீட்கப்பட்ட மாலுமிகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தந்தை மீண்டும் போய் எஞ்சிய நான்கு பேரைக் கொண்டுவந்தார். ஒன்பது என்ற கணக்கு இப்படி வந்தது. கப்பலின் சிறு படகில் ஏறித் தப்பிய இன்னொரு ஒன்பது பேரை அவ்வழியே வந்த ஒரு பாய்க்கப்பல் ஏற்றிக்கொண்டது. அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இனி அருங்காட்சியகத்துக்குள் போகலாம். நுழைந்தவுடன் ஓவியங்களிடம் போய் நிற்பது பெரும்பாலோர் செய்யும் தவறு. கண்ணை இழுப்பவை அவைதான், சந்தேகமில்லை. மலை மலையாக அலைகள், அவிழ்ந்து பறக்கும் கூந்தல், தந்தை இருந்தும் இல்லாததுபோல ஒரு மூலையில். சம்பவம் நடந்த சில வாரங்களுக்குள் ஓவியர்கள் லாங்ஸ்டோனுக்கே படகேறி வந்து கிரேஸை உட்காரவைத்து வரைந்தார்கள். அதைப் பார்த்து வரைந்தவர்கள், கேள்விப்பட்டு வரைந்தவர்கள் என்று பட்டியல் நீண்டது. லண்டன் மக்கள் எதைப் பார்க்க விரும்பினார்கள் என்பதற்கு அந்தப் படங்கள் நல்ல சான்று. பாறையருகே என்ன நடந்தது என்பதற்கு அல்ல. அவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது படகு. அன்று போன அதே படகு, 21 அடி நீளம், இங்கே இருக்கிறது. அந்தக் கடற்கரையின் மீன்பிடிப் படகு வகை அது, கோபிள் என்பார்கள். பலகைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி அமைந்த கட்டுமானம். முன்பக்கம் ஆழமாகத் தண்ணீரைப் பிடிக்கும், பின்பக்கம் தட்டையானது. துறைமுகம் இல்லாத மணற்கரையில் இறக்கவும், திரும்பும்போது பின்புறத்தை முன்னே விட்டுக் கரையேற்றவும் வசதியான வடிவம். வள்ளத்தை அலை பார்த்துத் தள்ளும் நம் ஊர்க் கரைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் படகின் தர்க்கம் விளக்காமலே புரியும்.

“இவ்வளவு சின்னப் படகா!” என்று வியந்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சின்னது என்பதைவிட, இரண்டு பேருக்கு இது பெரிது என்பதுதான் விஷயம். நான்கு பேர் கையாள வேண்டிய படகு. பாறையை நெருங்கியதும் தந்தை குதித்து மேலே ஏறிவிட்டார். அடிபட்டவர்களையும் குளிரில் விறைத்தவர்களையும் யாராவது கைபிடித்து இறக்க வேண்டுமே. அந்த நேரம் முழுவதும் படகில் கிரேஸ் மட்டும். நங்கூரம் போட்டு நிறுத்தும் இடமில்லை. அலை படகைப் பக்கவாட்டில் திருப்பினால் பாறை அதை நொறுக்கிவிடும். விலகிப் போய்விட்டாலோ மேலே நிற்கும் அத்தனை பேருக்கும் வழியில்லை. இரண்டு துடுப்புகளையும் ஒருவரே பிடித்துக்கொண்டு, முன்னும் பின்னுமாகப் போட்டுப் படகை ஒரே இடத்தில் நிறுத்திவைத்தார். ஓவியங்களில் இல்லாத சாகசம் இது. வரைவதும் கடினம், பார்ப்பதற்கு எதுவும் நடக்காததுபோலவே இருக்கும். படகின் பக்கவாட்டில் நின்று, துடுப்பு மாட்டும் இடத்தையும் எதிர்ப்பக்கத்துக்குள்ள அகலத்தையும் ஒரு நிமிடம் கவனியுங்கள். ஒரு மனித உடல் செய்ய வேண்டியிருந்த வேலை அப்போதுதான் தெரியும்.

ஏழு மீனவர்களைத் தவறவிடுவது இன்னொரு தவறு. கப்பல் உடைந்ததைக் கரையிலிருந்து கண்ட நார்த் சண்டர்லாந்து, அதாவது இன்றைய சீஹவுசஸ், மீனவர்கள் ஏழு பேர் அதே கடலில் மைல் கணக்கில் துடுப்புப் போட்டு வந்தார்கள். கிரேஸின் தம்பி வில்லியம் புரூக்ஸ் அவர்களில் ஒருவர். பாறைக்கு வந்து சேர்ந்தபோது உயிருடன் யாரும் அங்கே இல்லை, உடல்கள்தாம் கிடந்தன. திரும்பிப் போக முடியாத அளவுக்குக் கடல் கெட்டுவிட்டதால் லாங்ஸ்டோனுக்கே போய் ஒதுங்கினார்கள். காவலர் குடும்பத்தில் மூன்று பேர், மீட்கப்பட்டவர்கள் ஒன்பது பேர், மீனவர்கள் ஏழு பேர். பத்தொன்பது பேர் அந்தச் சிறு பாறையில் புயல் தணியும்வரை அடைந்துகிடந்தார்கள். அவர்களுக்குச் சமைத்தது யார், காயத்துக்குக் கட்டுப் போட்டது யார், குழந்தைகளை இழந்த தாயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார்? தாயும் மகளும்தான். மீட்பு என்பது படகு திரும்பியவுடன் முடிந்துவிடவில்லை. அருங்காட்சியகம் இதைச் சொல்லாமல் விடவில்லை. நாம்தான் படிக்காமல் விடுகிறோம்.

கண்ணாடிப் பெட்டிகளில் உள்ள கடிதங்களையும் சிறு பொருட்களையும் “பழைய சாமான்” என்று தாண்டிப்போவதும் வழக்கம். என்னைக் கேட்டால், படகுக்கு அடுத்தபடி நேரம் செலவிட வேண்டியது அங்கேதான். செய்தித்தாள்கள் கிரேஸை ஒரே மாதத்தில் நாடறிந்தவராக்கின. விக்டோரியா அரசி 50 பவுண்டு அனுப்பினார். 1824இல் தொடங்கப்பட்ட கடல் மீட்பு நிறுவனம், இன்று ஆர்.என்.எல்.ஐ. என்று அழைக்கப்படுவது, தந்தைக்கும் மகளுக்கும் வெள்ளிப் பதக்கம் அளித்தது. முன்பின் தெரியாதவர்கள் தலைமுடிக் கற்றை கேட்டு எழுதினார்கள், உடையிலிருந்து ஒரு துண்டுத் துணி கேட்டு எழுதினார்கள். வேடிக்கை பார்க்கும் கூட்டம் படகு படகாக லாங்ஸ்டோனில் வந்து இறங்கியது. நான்கே ஆண்டுகளில், 1842 அக்டோபர் 20 அன்று, காசநோயால் கிரேஸ் இறந்தார். வயது 26. புகழ் ஒரு மனிதரை என்ன பாடுபடுத்தும் என்பதை அந்தப் பெட்டிகளில் இருப்பவை ஓவியங்களைவிடத் தெளிவாகச் சொல்கின்றன.

வெளியே வந்ததும் சாலையைக் கடக்காமல் காரை நோக்கி நடக்காதீர்கள். எதிரே செயின்ட் எய்டன் தேவாலயம். அதன் முற்றத்தில் கல் விதானத்துடன் உயர்ந்து நிற்கும் நினைவுச்சின்னத்தைப் பார்த்து, “இதுதான் கல்லறை” என்று படமெடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களை எப்போதும் பார்க்கலாம். அது கல்லறை அல்ல. கடந்துபோகும் கப்பல்களின் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக உயரமாக எழுப்பப்பட்டது. கிரேஸ் அடக்கம் செய்யப்பட்டிருப்பது சற்றுத் தள்ளி, குடும்பத்தாருடன், சாதாரணக் கல்லறையில். உப்புக்காற்று அரித்ததால் நினைவுச்சின்னத்தின் பழைய கற்சிலையைத் தேவாலயத்துக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள், அதையும் பார்த்துவிடலாம்.

கோட்டைக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பில்லை என்று நினைப்பதும் தவறுதான். டர்ஹாம் பிஷப்பாக இருந்த லார்டு குரூ விட்டுச்சென்ற அறக்கட்டளையின் பணத்தில், டாக்டர் ஜான் ஷார்ப் என்ற பாதிரியார் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இந்தக் கோட்டையைக் கடல் மீட்பு நிலையமாக மாற்றியிருந்தார். புயல் இரவுகளில் கடற்கரையில் குதிரைக்காரர்கள் ரோந்து போனார்கள். கப்பல் ஆபத்தில் இருப்பதைப் பீரங்கி வெடித்து அறிவித்தார்கள். கரை சேர்ந்த மாலுமிகளுக்குக் கோட்டையில் தங்க அறையும் உணவும் இருந்தன. 1786இல் லயனல் லுக்கின் என்ற லண்டன் கோச்சுவண்டிக் கட்டுநர், ஷார்ப் அனுப்பிய ஒரு கோபிளை மூழ்காத படகாக மாற்றிக் கொடுத்தார். கிரேஸ் பிறப்பதற்கு 29 ஆண்டுகளுக்கு முன்பே உயிர்காக்கும் படகு இருந்த ஊர் இது. நேரம் குறைவாக இருந்தால் அருங்காட்சியகத்தை முதலிலும் கோட்டையைப் பிறகும் வைத்துக்கொள்ளுங்கள். மதிலில் நின்று ஃபார்ன் தீவுகளைப் பார்க்கும்போது எது எங்கே என்று தெரிந்திருக்கும்.

இலவசம் என்றால் அரசு நடத்துவது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சம்பவத்தின் நூற்றாண்டான 1938இல் திறக்கப்பட்ட இந்த இடத்தை நடத்துவது ஆர்.என்.எல்.ஐ. அது மக்களின் நன்கொடையில் இயங்கும் அறநிறுவனம். படகில் போகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காதவர்கள். வாசலில் இருக்கும் உண்டியல் அலங்காரத்துக்கு அல்ல. பொறுப்பில் இருப்பவர்களிடம் கேள்வி கேளுங்கள். அட்டைகளில் எழுதியிராத பல செய்திகள் அவர்களிடம் இருக்கும்.

பயண ஏற்பாட்டில் வரும் தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்தில் திறக்கும் நாட்களும் நேரமும் குறையும், ஆர்.என்.எல்.ஐ. இணையதளத்தில் பார்க்காமல் கிளம்பக் கூடாது. பேம்பரோவுக்கு ரயில் இல்லை. அலன்மவுத் அல்லது பெரிக் நிலையத்தில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். பஸ்கள் குறைவு; கடைசி பஸ் எப்போது என்பதைப் போகும்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

ஃபார்ன் தீவுகளுக்குப் படகுகள் சீஹவுசஸ் துறைமுகத்திலிருந்து போகின்றன, பேம்பரோவிலிருந்து அல்ல. எல்லாப் படகுகளும் லாங்ஸ்டோனில் இறக்கிவிடுவதில்லை. சில சுற்றிக்காட்டிவிட்டுத் திரும்பிவிடும். கலங்கரை விளக்கத்தில் கால்வைக்க வேண்டும் என்றால் டிக்கெட் எடுக்கும்போதே அதைக் கேளுங்கள். கரையில் வெயில் அடிக்கும் நாளில்கூடக் கடல் சரியில்லை என்று படகை நிறுத்திவிடுவார்கள். அதற்காகப் படகோட்டியிடம் சண்டை போடும் பயணிகளை என்ன சொல்வது? மே முதல் ஜூலை வரை இன்னர் ஃபார்ன் தீவில் ஆலாப் பறவைகள் தங்கள் கூட்டுக்கு அருகே வருகிறவர்களின் தலையில் கொத்தும், தொப்பி அவசியம். அமைதியான கோடைக் கடலில் போய்விட்டு, “இதிலா அவ்வளவு கஷ்டப்பட்டார்கள்?” என்று கேட்பவர்களும் உண்டு. கிரேஸும் தந்தையும் போனது செப்டம்பர் புயலில்.

உண்மையிலேயே ஆபத்தான தவறு ஒன்று இருக்கிறது. பேம்பரோவுக்கு வருகிறவர்கள் அதே நாளில் வடக்கே லிண்டிஸ்ஃபார்ன் தீவையும் பார்த்துவிட நினைக்கிறார்கள். அங்கே போகும் சாலை நாளுக்கு இருமுறை கடலுக்கடியில் போய்விடும். கடக்கத் தகுந்த நேரங்களை நார்தம்பர்லாந்து கவுன்சில் வெளியிடுகிறது. சாலையின் இரு முனைகளிலும் பலகை இருக்கிறது. அப்படியும் “இன்னும் ஐந்து நிமிடம்தானே” என்று காரை விடுகிறவர்கள் ஆண்டுதோறும் நடுவழியில் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களை மீட்க வருவது பெரும்பாலும் சீஹவுசஸ் நிலையத்தின் மீட்புப் படகு. முற்பகல் அருங்காட்சியகத்தில் மீட்பின் வரலாற்றைப் படித்துவிட்டுப் பிற்பகல் அதில் ஒரு வரியாகிவிடுவது அவ்வளவு அபூர்வம் அல்ல.

எனவே அன்றைய ஓத நேரத்தை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரத்தை, முதலில் பாருங்கள். மற்ற எல்லாவற்றையும் அதற்கேற்ப அமையுங்கள். அட்டவணையில் உள்ள கடைசி நேரத்துக்கு வெகு முன்பே கடந்துவிடுங்கள், காற்று பலமாக இருந்தால் தண்ணீர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிடும். சாலையில் நீர் தேங்கத் தொடங்கியதைக் கண்டால் முன்னே போகாமல் திரும்பிவிடுங்கள். நடுவழியில் மாட்டிக்கொண்டால் காரை அங்கேயே விட்டுவிட்டுச் சாலையோரம் கம்பங்களின் மேல் நிற்கும் அடைக்கல அறைக்கு ஏறி, 999ஐ அழைத்துக் கடலோரக் காவல்படை வேண்டும் என்று கேளுங்கள்.