புது ஊரில் வீடு வாங்குமுன் கூரைக்கு வயது கேளுங்கள்: செட்டிநாட்டிலிருந்து போகிறவர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து வெளிநாடு போய், கொஞ்ச காலம் வாடகைக்கு இருந்துவிட்டு முதல் வீடு பார்க்கத் தொடங்குகிற நம் பிள்ளைகள் எனக்குப் போன் செய்வது வழக்கமாகிவிட்டது. டெக்ஸாஸிலும் கனடாவின் கால்கரியிலும் குடியிருந்துவிட்டு ஊர் திரும்பியவன் என்பதால் எனக்கு இந்த மரியாதை. வாசல் கிழக்குப் பார்த்ததா, அடுப்படி அக்கினி மூலையில் இருக்கிறதா, பள்ளிக்கூடம் எப்படி, கோயில் எவ்வளவு தூரம் என்று எல்லாம் விசாரித்து வைத்திருப்பார்கள். "சரி, கூரைக்கு என்ன வயசு?" என்று கேட்டால் மட்டும் பதில் வராது. "வீடு கட்டியே பதினெட்டு வருஷம்தாண்ணே ஆகுது, புதுசு மாதிரிதான் இருக்கு" என்பார்கள். டாலஸ் வெயிலில் பதினெட்டு வயது ஷிங்கிள் (தார் அட்டை) கூரை என்றால், பெரும்பாலும் அதன் காலம் முடியப் போகிறது என்று பொருள்.

நமக்கு இது தோன்றாததற்குக் காரணம் இருக்கிறது. வளவு வீட்டில் வளர்ந்தவர்கள் கூரைக்கு வயது கேட்டுப் பழகியவர்கள் அல்ல. ஐயா காலத்துக்கும் முந்தி, பர்மாத் தேக்கில் கைமரம் போட்டு ஓடு மேய்ந்த வீடுகள் கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் இன்றும் நிற்கின்றன. நாட்டு ஓடு சூளையில் வெந்த மண். அதற்கு மேல் வெயில் அதை ஒன்றும் செய்துவிட முடியாது. ஓடுகள் ஆணியடித்து இறுக்கப்படாமல் ஒன்றின்மேல் ஒன்று சும்மா உட்கார்ந்திருப்பதால் சூட்டில் விரிந்தாலும் சுருங்கினாலும் தனித்தனியாக அசைந்துகொள்ளும். மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வந்து போய்விடும். மீதி மாதங்களில் கூரை காய்ந்து கிடக்கும். உறைபனி என்ற பேச்சே கிடையாது.

இதையெல்லாம்விட முக்கியம், மழைக்கு முன் ஓடு மாற்ற வருகிற ஆள். எங்கள் ஊரில் வருகிறவர் முகட்டில் உட்கார்ந்தபடி ஓட்டை ஒவ்வொன்றாக எடுத்து, நடுவிரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டுவார். கணீரென்று கேட்டால் அது பழைய இடத்துக்கே போகும். சத்தம் அமுங்கி வந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் என்று அர்த்தம், தனியே ஒதுக்கிவிடுவார். அப்படியே அடியில் கிடக்கும் வேப்பஞ்சருகையும் அணில் கூட்டையும் வழித்தெடுத்துவிட்டு, குரங்கு தள்ளிவிட்ட இடங்களையும் சரி செய்துவிடுவார். நூறு வருஷக் கூரை என்று நாம் பெருமையாகச் சொல்வது, வருஷா வருஷம் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுப்பிக்கப்பட்ட கூரையைத்தான். நீங்கள் போகிற ஊரில் அந்த வேலை நடக்காது. கூரையை ஒரேயடியாகப் போடுவார்கள், ஒரேயடியாகப் பிய்த்தெறிவார்கள்.

வட அமெரிக்காவில் தனி வீடுகளில் பெரும்பாலும் இருப்பது ஷிங்கிள். கண்ணாடியிழைப் பாயில் தார் ஏற்றி, அதன்மேல் நிறமேற்றிய பொடிக்கல்லைப் பதித்த அட்டை. பலகைமேல் வரிசை வரிசையாக ஆணியடித்துப் போடுவார்கள். தடிமன் குறைந்த பழைய ரகம் 15 முதல் 20 வருஷம், இப்போது போடுகிற தடித்த ரகம் 25, 30 வருஷம் தாங்கும் என்பது பொதுக்கணக்கு. கம்பெனி கொடுக்கும் வாரண்டியில் 'லைஃப்டைம்' என்றுகூடப் போட்டிருக்கும். அதை நம்பி ஏமாறாதீர்கள். அது பெரும்பாலும் தயாரிப்புக் குறைக்கான உறுதி. வருஷம் போகப் போகக் கிடைக்கிற தொகையும் குறையும். ஆலங்கட்டிக்கும் சூறாவளிக்கும் அதில் இடமிருக்காது.

வெயில் ஊர்க்காரர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது: கோடை மதியத்தில் கருநிற ஷிங்கிளின் மேல்பரப்பு 65, 70 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். தாரிலிருக்கும் எண்ணெய்ப் பசை மெல்ல வற்றும், அட்டை விறைக்கும், ஓரம் சுருளும். சூட்டில் கிடக்கும் கூரைமேல் திடீரென்று இடிமழை பெய்தால் சட்டென்று சுருங்கி வெடிப்பு விடும். பொடிக்கல்தான் வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து தாருக்குக் காப்பு. அது உதிர்ந்த இடத்தில் கூரை வேகமாகக் கெடும். வீடு பார்க்கப் போகும்போது கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாயான கட்டரிலிருந்து தண்ணீர் இறங்கும் குழாயின் வாயருகே குனிந்து பாருங்கள். கறுப்பு மணல் மாதிரி ஒரு கைப்பிடி குவிந்து கிடந்தால் கேள்வி கேட்க வேண்டிய கூரை. புதிதாகப் போட்ட கூரையிலும் முதலில் கொஞ்சம் உதிரும், அதற்குப் பயப்பட வேண்டாம். அப்புறம், வீட்டைச் சுற்றி வந்து தெற்குச் சரிவையும் மேற்குச் சரிவையும் பாருங்கள். வெயில் அதிகம் வாங்கும் சரிவுகள் அவை. வடக்குச் சரிவு அழகாக இருக்கிறது என்று போட்டோ எடுத்து அனுப்புகிறவர்கள் எனக்கு நிறையப் பேர்.

அரிஸோனா பக்கம் போகிறவர்கள் ஓட்டுக் கூரையைப் பார்த்ததும் நம்ம ஊர் மாதிரியே இருக்கிறது என்று மகிழ்ந்துபோவார்கள். ஓடு ஐம்பது வருஷத்துக்கு மேலும் இருக்கும், உண்மைதான். ஆனால் அங்கே தண்ணீரைத் தடுப்பது ஓட்டுக்கு அடியில் விரித்திருக்கும் தார்ப்படலம். அது சூட்டில் 20, 30 வருஷத்துக்குள் பொடிந்துவிடும். ஓடு பழுதில்லாமல் இருக்கும்போதே எல்லாவற்றையும் இறக்கி, படலத்தை மாற்றி, திரும்ப ஏற்ற வேண்டி வரும். விற்கிறவரிடம் படலம் எப்போது மாற்றியது என்று கேளுங்கள்.

பனி ஊர் என்றால் கதை வேறு. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். விரிசலுக்குள் புகுந்த ஈரம் இரவில் உறைந்து, பகலில் இளகி, மறுபடி உறைந்து அதை அகலமாக்கிக்கொண்டே போகும். நம் நாட்டு ஓட்டைக் கப்பலேற்றி டொரொண்டோவில் மேய்ந்தால், ஈரத்தை உறிஞ்சி உறைந்து சில குளிர்காலத்திலேயே செதில் செதிலாக உரிந்துவிடும்.

டொரொண்டோ, மாண்ட்ரியால் வீடுகளில் கூரையைப் பாழாக்குவதில் முக்கியமானது பனிக்கரை. வீட்டுக்குள் போடும் ஹீட்டர் சூடு அட்டிக்குக்குள், அதாவது கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவிலுள்ள இடத்துக்குள் கசிந்து, கூரை நடுவிலுள்ள பனியை அடியிலிருந்து உருக்கும். உருகிய தண்ணீர் ஓரத்துக்கு வழிந்து வரும். ஓரத்துக்குக் கீழே வீடு இல்லை, சூடும் இல்லை. அங்கே அது உறைந்து வரப்பு மாதிரி கரை கட்டிவிடும். பின்னால் வரும் தண்ணீர் தேங்கி, ஷிங்கிளுக்கு அடியில் மேல்நோக்கி ஏறும். ஷிங்கிள் வழிந்தோடும் தண்ணீருக்கு வைத்தது, தேங்கும் தண்ணீருக்கு வைத்ததல்ல. அதனால்தான் கனடாவில் கூரை ஓரத்தில் ஷிங்கிளுக்கு அடியில் ஒட்டுப்படலம் போடச் சொல்கிறது விதி. ஓரத்திலிருந்து குறைந்தது 900 மில்லிமீட்டர், அதோடு வெளிச்சுவரின் உள்முகத்தைத் தாண்டி 300 மில்லிமீட்டர் வரை அது போக வேண்டும்.

ஒட்டுப்படலம் தற்காப்புதான். மருந்து அட்டிக்கில் இருக்கிறது. கீழே சூடு கசியாமல் தடுக்கும் இன்சுலேஷன் கனமாக இருக்க வேண்டும். மேலே காற்று கூரை ஓரத்தின் அடியிலுள்ள சாஃபிட் துளைகள் வழியாக நுழைந்து முகட்டு வழியாக வெளியேற வேண்டும். பொதுவாகச் சொல்லும் கணக்கு, 300 சதுர அடி உட்கூரைக்கு 1 சதுர அடி காற்றுவழி. நம் ஆட்கள் ஊரிலிருந்து கொண்டுபோன சூட்கேஸையும் அண்டா குண்டானையும் அட்டிக்கில் அடுக்கி, சாஃபிட் வாயை அடைத்துவிடுவார்கள். அங்கே ஒன்றும் ஏற்றாதீர்கள்.

இன்னொன்று நம் சமையல். தினமும் இட்லிக் கொப்பரை, கொதிக்கிற குழம்பு, நாலு விசில் குக்கர் என்று நம் வீட்டு அடுப்படியில் ஆவிக்குக் குறைச்சலே இல்லை. அடுப்புக்கு மேலுள்ள ஹூட் அந்த ஆவியை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி மறுபடி வீட்டுக்குள்ளேயே விடுகிறதா என்று பாருங்கள். குளியலறை விசிறியின் குழாய் அட்டிக்கில் பாதியில் கழன்று கிடக்கும் வீடுகளும் உண்டு. மைனஸ் 30-இல் இந்த ஈரம் போய்க் கூரைப் பலகையின் அடியில் உறைபனியாகப் படியும். கால்கரியில் ஷினூக் என்று ஒரு வெதுவெதுப்பான மேல்காற்று அடிக்கும். ஒரே நாளில் 20 டிகிரி ஏறிவிடும். அன்றைக்கு அந்த உறைபனி முழுவதும் இளகி, மேலே ஒரு துளி மழை இல்லாமல் கூடத்தில் சொட்டும். கூரை ஒழுகுகிறது என்று ஆளைக் கூப்பிட்டுப் பழுதில்லாத ஷிங்கிளை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் டார்ச்சை எடுத்துக்கொண்டு அட்டிக்கில் எட்டிப் பாருங்கள். பலகையில் வெள்ளையாகவோ கருப்புப் பூஞ்சையாகவோ படிந்திருந்தால் குற்றவாளி நம் வீட்டு ஆவி.

பனி ஏறிவிட்டது என்று ஏணி போட்டுக் கூரைமேல் போகாதீர்கள். தரையில் நின்றபடி இழுக்க நீளக் கைப்பிடி வைத்த வாரி கிடைக்கிறது. கோடரியால் பனிக்கட்டியைக் கொத்தினால் ஷிங்கிளும் சேர்ந்து வரும். நவம்பர் கடைசியில் கூரை போட்டுத் தருகிறேன் என்று விலை குறைக்கிறவரிடமும் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். ஷிங்கிளின் அடியிலுள்ள பசை வெயில் சூட்டில்தான் ஒட்டும். குளிரில் போட்டது ஒட்டாமல் கிடந்து, முதல் பெருங்காற்றில் பறக்கும்.

ஆலங்கட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், பணம் போகிற இடம் அதுதான். 2020 ஜூன் 13-இல் கால்கரியில் பெய்த ஆலங்கட்டி மழையில் இன்ஷூரன்ஸ் இழப்பு மட்டும் 100 கோடி கனடா டாலரைத் தாண்டியது. அதிகம் அடிவாங்கியது தெற்காசியக் குடும்பங்கள் நிறைய இருக்கும் வடகிழக்குப் பகுதி. டெக்ஸாஸில் வசந்த காலம் வந்தாலே இந்தப் பயம்தான். ஆலங்கட்டி அடித்த ஷிங்கிளில் ஓட்டை தெரியாது. பொடிக்கல் உதிர்ந்து, விரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்கும் காயம்தான் இருக்கும். கூரையில் நீட்டிக்கொண்டிருக்கும் தகரக் குழாய் மூடிகளில் பள்ளம் இருக்கிறதா என்று கீழேயிருந்தே பார்க்கலாம். கூரை மாற்றுவதானால் கிளாஸ் 4 ரகம் கேளுங்கள். 2 அங்குல இரும்புக் குண்டை 20 அடி உயரத்திலிருந்து போட்டுச் சோதித்த ரகம் அது. சில இடங்களில் பிரீமியத்திலும் சலுகை கிடைக்கும்.

இன்ஷூரன்ஸ் தாளில் இரண்டு சொற்களைத் தேடுங்கள். 'ரீப்ளேஸ்மென்ட் காஸ்ட்' என்றால் புதுக்கூரை போடும் செலவு. 'ஆக்சுவல் கேஷ் வேல்யூ' என்றால் தேய்மானம் போக மிச்சம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புதுக்கூரை 16,000 டாலர், ஆயுள் 20 வருஷம், உங்கள் கூரைக்கு வயது 15. இரண்டாவது வகைப் பாலிசியில் மதிப்பு 4,000 டாலர்தான். டெக்ஸாஸில் காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் நீங்கள் கையிலிருந்து போட வேண்டிய டிடக்டிபிள் பல பாலிசிகளில் வீட்டுக் காப்பீட்டுத் தொகையில் 1 அல்லது 2 சதவீதமாக இருக்கும். 4 லட்சம் டாலருக்கு 2 சதவீதம் 8,000. ஆக உங்களுக்கு வருவது ஒன்றுமில்லை. புயல் ஓய்ந்த மறுநாளே வாசலில் வந்து நின்று, "டிடக்டிபிளை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்பவர்களை நம்பாதீர்கள். 2019 செப்டம்பரிலிருந்து டெக்ஸாஸில் அது சட்டவிரோதம்.

ஃபுளோரிடாவில் கூரை வயதே பாலிசியின் தலையெழுத்து. 15 வருஷத்துக்கு உட்பட்ட கூரையை வயதை மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று 2022-இல் சட்டம் வந்தது. அதற்கு மேற்பட்டதானால், இன்னும் 5 வருஷம் தாங்கும் என்று பரிசோதகரிடம் சான்று வாங்கிக் காட்டலாம். 1992-இல் ஆண்ட்ரூ சூறாவளி அடித்த பிறகு அங்கே கட்டட விதிகள் கடுமையாயின, மாநிலம் முழுக்கப் பொதுவிதி 2002-இல் வந்தது. அதற்குப் பின் கட்டிய வீட்டைப் பார்ப்பது நல்லது. ஆஸ்திரேலியாவில் தகரக் கூரை நன்றாக உழைக்கும். கடலோரம் என்றால் உப்புக்காற்று திருகாணியிலிருந்து துருவைத் தொடங்கும், அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சிங்கப்பூரில் அடுக்கு வீட்டில் நடுமாடி வாங்கியவர்கள் இதைப் படிக்காமலே விட்டிருக்கலாம்.

சூரியத் தகடு வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தகடு 25 வருஷம் இருக்கும். கீழே இருக்கும் கூரைக்கு இன்னும் எட்டு வருஷம்தான் என்றால், நடுவில் எல்லாவற்றையும் கழற்றி மாட்டும் கூலி உங்கள் தலையில். கூரையை முதலில் மாற்றிவிட்டுத் தகடு வையுங்கள்.

கடைசியாக, ஊரிலிருக்கும் பங்கு வீடு. நீங்கள் போன இடத்துக் கூரையைக் கவனிக்கிற மும்முரத்தில் இது மறந்துவிடும். பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் ஆவணி மாதமே பேச்சை எடுத்து, புரட்டாசிக்குள் ஓடு மாற்றி முடிக்கச் சொல்லுங்கள். ஐப்பசியில் ஆள் கிடைக்காது. ஒரு வருஷம் விட்டால் ஓட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஒழுகுகிற இடத்தில் ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டம் நனையும், அப்புறம் கரையான் கைமரத்துக்குப் போகும். தேக்குக் கைமரம் மாற்ற இன்றைக்கு ஆகும் செலவில் ஓடு மாற்றும் கூலியைப் பல வருஷம் கொடுத்துவிடலாம். மாடித் தளம் பழைய சுண்ணாம்புக் காரையானால், ஒழுகுகிறது என்று அதன்மேல் சிமெண்ட் பூசச் சம்மதிக்காதீர்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் அடைத்து வைக்கும், பிறகு இரண்டுமே பெயரும். பக்கத்தில் எங்காவது வீடு இடிக்கிறார்கள் என்றால் பழைய ஓட்டில் சில நூறு வாங்கி இரண்டாங்கட்டில் அடுக்கச் சொல்லுங்கள். இப்போது கடையில் கிடைக்கிற ஓட்டின் அளவும் வளைவும் பெரும்பாலும் பழையதோடு பொருந்துவதில்லை.