புக்கெட்டுக்கு நேரடி விமானம் வந்துவிட்டது, சரி: ஸ்காண்டிநேவியாவுக்குப் புதிதாக வந்தவர்கள் டிக்கெட் போடும் முன்

நவம்பர் பிறந்தால் ஸ்டாக்ஹோமிலோ ஓஸ்லோவிலோ மதியச் சாப்பாட்டு மேசையில் தாய்லாந்துப் பேச்சு தொடங்கிவிடும். புக்கெட், கிராபி, காவ் லாக், கோ லந்தா எல்லாம் இந்த ஊர்க்காரர்கள் பல வருடங்களாகக் குடும்பத்தோடு போய்வரும் இடங்கள். முன்பு பெரும்பாலும் டூய், விங் மாதிரி நிறுவனங்களின் சார்ட்டர் விமானத்தில் ஹோட்டலோடு சேர்த்துப் போவார்கள், இல்லையென்றால் பாங்காக்கில் இறங்கி மாறிப் போவார்கள். இப்போது டிக்கெட்டை மட்டும் வாங்கிக்கொண்டு நேராகவே போகலாம். நோர்ஸ் அட்லாண்டிக் 2025-26 குளிர்காலத்துக்கு ஸ்டாக்ஹோமிலிருந்தும் ஓஸ்லோவிலிருந்தும் புக்கெட்டுக்கு நேரடி விமானங்களை அறிவித்தது. 2022 முதல் ரஷ்ய வான்வெளி மூடிக்கிடப்பதால் தெற்கே சுற்றிக்கொண்டு போக வேண்டும், பதினோரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கத் தயாராகுங்கள்.

டிசம்பரில் ஆறு மணி நேர வெளிச்சத்தைப் பார்த்தபிறகு ஆசை வரத்தான் செய்யும். போங்கள். ஆனால் பக்கத்து மேசைக்காரர் கையில் இருப்பது ஸ்வீடன் பாஸ்போர்ட், உங்கள் கையில் இருப்பது ரெசிடென்ஸ் கார்டு. அவர் பார்க்க வேண்டியது விலை மட்டும்.

முதலில் அந்தக் கார்டின் தேதியைப் பாருங்கள். பர்மிட் முடிவதற்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்திருந்தால், அது முடிந்த பிறகும் பதில் வரும்வரை ஸ்வீடனில் இருக்கலாம், பெரும்பாலும் வேலையும் பார்க்கலாம். வெளியே போனால்தான் வம்பு. இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்கள் செல்லுபடியாகும் கார்டோ விசாவோ இல்லாமல் ஷெங்கனுக்குள் திரும்ப முடியாது, புக்கெட் விமான நிலையத்திலேயே விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். "விண்ணப்பம் போட்டிருக்கிறேன்" என்று மின்னஞ்சலைக் காட்டுவதால் ஒன்றும் நடக்காது. நீட்டிப்பு முடிவு மாதக்கணக்கில் இழுக்கும், ஆகவே பிப்ரவரிப் பயணத்துக்குக் கார்டு எப்போது முடிகிறது என்பதை ஆகஸ்டிலேயே பார்த்துவிடுவது நல்லது. நார்வேயிலும் டென்மார்க்கிலும் விதிகளின் விவரம் வேறுபடும், ஆனால் காலாவதியான கார்டோடு வெளியே போகாதீர்கள் என்பது எங்கேயும் ஒன்றுதான்.

தாய்லாந்துக்குள் நுழைவது இதைவிட எளிது. 2024 ஜூலையில் விசா இல்லாமல் 60 நாள் தங்கும் சலுகையை இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுகளுக்கும் கொடுத்தார்கள். இந்தச் சலுகையை அவர்கள் அடிக்கடி மாற்றுவார்கள், அதனால் பணம் கட்டும் அன்றைக்குத் தாய்லாந்து தூதரகத்தின் தளத்தைப் பாருங்கள், நண்பர் போன வருடம் போய்வந்த கதையை நம்பாதீர்கள். அகதிகளுக்கான பயண ஆவணத்தில் போகிறவர்களுக்கு இந்தச் சலுகை பொருந்தாது, முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். அப்புறம் 2025 மே முதல் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஆன்லைனில் நிரப்பலாம், இலவசம். காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் இல்லை.

புதிதாக வந்த முதல் வருடம் லீவு விஷயம் பலருக்கும் புரிவதில்லை. ஸ்வீடனில் 25 நாள் லீவு உங்கள் உரிமை, ஆனால் அதற்கான சம்பளத்தை முந்தைய ஏப்ரல்-மார்ச் ஆண்டில் உழைத்துச் சேர்த்திருக்க வேண்டும். சில கம்பெனிகள் முன்பணம் மாதிரி சம்பளத்தோடு லீவு கொடுக்கும், ஐந்து வருடத்துக்குள் நீங்களாக வேலையை விட்டால் அதைக் கடைசிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளவும் செய்யும். நார்வேயில் ஃபெரியபெங்கர் என்ற லீவுச் சம்பளம் போன வருடச் சம்பாத்தியத்திலிருந்து வருவது, புதிதாக வந்தவருக்கு அது கொஞ்சமாகவோ இல்லாமலோ இருக்கும். டென்மார்க்கில் 2020 செப்டம்பருக்குப் பிறகு மாதத்துக்கு 2.08 நாள் சேரச் சேர எடுக்கலாம், அங்கே இருப்பவர்களுக்கு யோகம்தான். பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் விலை குறைந்த வாரம் பார்த்துக் கிளம்பிவிட முடியாது, தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்க வேண்டும். ஸ்போர்ட்லோவ் என்ற குளிர்காலப் பள்ளி விடுமுறை வாரத்தில் எல்லோரும் கிளம்புவதால் டிக்கெட் விலை ஏறிக்கிடக்கும்.

மலிவு டிக்கெட்டில் பெட்டியும் சாப்பாடும் அடங்காது. இரண்டையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தபிறகு தாய் ஏர்வேஸ் விலையோடு ஒப்பிடுங்கள். ஹோட்டலோடு சேர்த்து வாங்கும் பேக்கேஜுக்கு இன்னொரு பாதுகாப்பு உண்டு, நிறுவனம் திவாலானால் பயண உத்தரவாதத்திலிருந்து பணம் திரும்பும், தனி டிக்கெட்டுக்கு அது கிடையாது. பாங்காக்கிலிருந்து அப்படியே சென்னைக்கோ கொழும்புக்கோ போய் அம்மா அப்பாவையும் பார்த்துவிடலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வரும், நல்ல யோசனைதான், ஆனால் இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டால் யாரும் பொறுப்பில்லை. நடுவில் ஒரு ராத்திரி விடுங்கள்.

இன்ஷூரன்ஸ் இல்லாமல் கிளம்ப வேண்டாம். ஐரோப்பிய மருத்துவ அட்டை தாய்லாந்தில் செல்லாது. ஸ்வீடனில் வீட்டு இன்ஷூரன்ஸிலேயே வழக்கமாக 45 நாள் பயணப் பாதுகாப்பு இருக்கும், வாடகை வீட்டுக்கு அதை எடுக்காமல் விட்டவர்கள் இப்போது எடுங்கள். நார்வேயில் தனியாக வாங்க வேண்டும். தாய்லாந்தில் ஸ்கூட்டர் எடுக்கிறவர்கள் கவனியுங்கள்: பைக் ஓட்டும் உரிமமும் சர்வதேசப் பெர்மிட்டும் இல்லாமல் விழுந்தால், இன்ஷூரன்ஸ் கையை விரித்துவிடும். ஊரில் பதினெட்டு வயதிலிருந்து ஓட்டினேன் என்பது அங்கே கணக்கில் வராது. மின்சிகரெட்டைக் கொண்டே போகாதீர்கள், தடை.

புக்கெட், கிராபி பக்கம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல பருவம். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அலை மோசம், சிவப்புக் கொடி பறந்தால் தண்ணீரில் இறங்கவே கூடாது. காவ் லாக் என்றதும் சிலர் பேச்சை நிறுத்திவிடுவார்கள், 2004 சுனாமியில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஸ்வீடன்காரர்கள் இறந்தார்கள், பலர் அந்தக் கரையில். நாகப்பட்டினமும் முல்லைத்தீவும் தெரிந்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

கடற்கரை அலுத்தால், கிராபி மாகாணத்தில் குளோங் தோம் என்ற ஊரின் கோவில் அருங்காட்சியகத்துக்குப் போங்கள், தமிழ் பிராமி எழுத்து பொறித்த பொன் உரைகல் அங்கே கிடைத்ததுதான். காவ் லாக்குக்கு வடக்கே தகுவா பாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒரு குளத்தை மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவின் பாதுகாப்பில் விட்டதைச் சொல்கிறது. ஆபீஸில் பீச் போட்டோக்களுக்கு நடுவே சொல்ல நல்ல விஷயம்.

திரும்பும்போது குளிர் ஜாக்கெட்டைப் பெட்டிக்குள் போடாதீர்கள், கைப்பையில் வையுங்கள். ரெசிடென்ஸ் கார்டும் அதே பையில்.