முதுகை மிதிக்கச் சொல்லும் முன்

இடுப்பு பிடித்துக்கொண்டால் பாயை விரித்துக் குப்புறப் படுத்து, "டேய், ஏறி மிதிடா" என்று பையனைக் கூப்பிடுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். பிறக்கும்போது கால் முதலில் வந்தவர் மிதித்தால் பிடிப்பு உடனே விடும் என்று நம்பி, அப்படி ஒருவரைத் தெருத்தெருவாக விசாரிக்கும் ஊர்களும் உண்டு. அதற்கும் அடங்காவிட்டால் தைலம், சுளுக்கு எடுப்பவர், வர்மம், கேரளக் கிழி, ஸ்பா என்று அவரவர் வசதிக்கேற்ப வழி நீளும்.

பிடித்துவிட்டால் வலி குறைகிறது என்பதில் பொய் இல்லை. எவ்வளவு, எத்தனை நாளுக்கு என்பதில்தான் நமக்குத் தெளிவு போதாது. கீழ்முதுகு வலிக்கு மசாஜ் செய்து பார்த்த 25 ஆய்வுகளை மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் ஒன்றாக வைத்து அலசியது. வலி குறைந்தது, ஆனால் குறுகிய காலத்துக்கு மட்டும். ஆய்வுகளின் தரமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 2017-இல் வந்த அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல், புதிதாகப் பிடித்த இடுப்புவலிக்கு மாத்திரைக்கு முன்னால் சூடு, மசாஜ் போன்றவற்றை முயலச் சொன்னது. மூன்று மாதம் தாண்டிய வலிக்கு அதே வழிகாட்டுதல் தந்த பட்டியலில் உடற்பயிற்சியும் யோகாவும் இருக்கின்றன, மசாஜைக் காணோம். 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட வலிக்கும் மசாஜைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் எந்த ஒரு சிகிச்சையையும் தனியாக நம்பாமல், பயிற்சி முதலியவற்றோடு சேர்த்துச் செய்ய வேண்டும் என்பது அதன் பார்வை.

ஆக, நல்ல கை பட்டால் சில மணி நேரமோ ஓரிரு நாளோ வலி தணியும். அந்த நேரத்தை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் பலன் இருக்கிறது. இதை மறப்பதால் வருபவை பாதித் தவறுகள். மீதி, மசாஜே கூடாத வலிக்கு மசாஜ் செய்வதால் வருபவை. முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

கை வைக்கக் கூடாத வலி

மேல் முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே வலித்தால் "வாய்வு பிடிச்சிருக்கு" என்று சொல்லிப் பூண்டை உரிக்கத் தொடங்குவோம். ஒருவர் பின்னால் உட்கார்ந்து பாம் தேய்ப்பார். மாரடைப்பின் வலி முதுகிலும் தாடையிலும் கையிலும் வரலாம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சுவலி பெரிதாக இல்லாமலேயே வருவதுண்டு. முதுகுவலியோடு வியர்த்துக் கொட்டினால், மூச்சு வாங்கினால், குமட்டினால், தேய்ப்பதை நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். நம் ஊரில் வாய்வின் தலையில் கட்டப்படும் பழிகளிலேயே ஆபத்தானது இதுதான்.

விலாவுக்குக் கீழே ஒரு பக்கமாகத் தொடங்கி அடிவயிறு, தொடையிடுக்கு வரை அலை அலையாக இறங்கும் வலி பெரும்பாலும் சிறுநீரகக் கல். தசைப்பிடிப்பு என்றால் அசையாமல் படுத்தால் கொஞ்சம் அடங்கும். கல்வலிக்காரர் எந்தப் பக்கம் புரண்டாலும் அடங்காமல் எழுந்து நடப்பார். அங்கே அழுத்திவிடுவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

அவசரத்திலும் அவசரம் இன்னொன்று. தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பு அருகே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே செல்வது நரம்புக் கற்றை. கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் போகும் நரம்புகள் அதில் இருக்கின்றன. முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு பெரிதாகப் பிதுங்கி அந்தக் கற்றையை நசுக்கினால், சைக்கிள் சீட்டில் உட்காரும் இடம் மரத்துப்போகும். சிறுநீர் வர மறுக்கும், அல்லது தெரியாமலே கசியும். மலத்தை அடக்க முடியாமல் போகலாம், கால்கள் தளரலாம். இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். நேரம் கடந்தால் அறுவை சிகிச்சை செய்தும் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமல் போகலாம். விடியட்டும், வைத்தியர் வந்து உருவிவிடட்டும் என்று காத்திருக்கிற வலி அல்ல இது.

சத்தம் போடாமல் வருபவையும் உண்டு. மாலைக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி ஆகியவை இருந்தால் முதுகெலும்புக் காசநோயை நினைக்க வேண்டும். நம் நாட்டில் அது அரிதல்ல. முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக முதுகுவலி என்றால் எக்ஸ்ரே, ஸ்கேன் பார்க்காமல் யாரும் தொடக் கூடாது. அரித்துப்போன எலும்பின் மேல் முழங்கையை ஊன்றினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. இருபதுகளில் இருக்கும் ஒருவருக்குக் காலையில் எழும்போது இடுப்பு விறைத்திருந்து, நடக்க நடக்க இளகி, உட்கார்ந்தால் மறுபடி விறைக்கிறது என்றால் அது முதுகெலும்பு மூட்டுகளின் அழற்சியாக இருக்கலாம். இந்த நோய்க்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. ஆனாலும் இதைக் கண்டுபிடிப்பதற்குள் வருடக்கணக்கில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் ஏராளம்.

இனி, மிதிக்கும் விஷயம். ஏழெட்டு வயதுப் பிள்ளை இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். ஒற்றைக் காலில் நிற்கும்போது அந்த எடை முழுவதும் ஒரு குதிகால் அகலத்துக்குள் இறங்குகிறது. திடகாத்திரமான ஆள் தாங்கிக்கொள்வார். மாதவிடாய் நின்று பல வருடமான பாட்டிக்கும், ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவருக்கும் எலும்பு மெலிந்திருக்கும். அவர்களில் சிலருக்குக் குடத்தைத் தூக்கினாலே, பலமாக இருமினாலேகூட முள்ளெலும்பு நொறுங்கும். பேரன் ஏறுவதற்கான இடம் அது இல்லை.

"எலும்பை உள்ளே தள்ளிட்டேன்"

முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு விலகிவிட்டது, அதைக் கையால் தள்ளி உள்ளே வைக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அவர் விரல் எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். தோல், கொழுப்பு, இரண்டு மூன்று அடுக்குத் தசை, அதற்கும் உள்ளே எலும்பு வளையம், வளையத்துக்குள் நரம்புகள். இவ்வளவையும் தாண்டி முன்பக்கம் இருக்கிறது ஜவ்வு. வெளியிலிருந்து எந்த விரலும் அதைத் தொட்டுத் தள்ள முடியாது. பிதுங்கிய பகுதியை உடலே சில மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுவது சாதாரணமாக நடப்பது. அந்தச் சமயத்தில் யாரிடம் போயிருந்தோமோ அவருக்குக் கைராசி என்று பெயர் வந்துவிடுகிறது!

"படக்" என்ற சத்தமும் அப்படித்தான். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று மாறி வாயுக் குமிழ் உண்டாகும்போது எழும் ஓசை அது. விரலில் சொடக்கு எடுப்பதும் அதே கதைதான். எலும்பு இடம் மாறி உட்கார்ந்த சத்தம் என்று நினைத்து ஒவ்வொரு வாரமும் இடுப்பை முறுக்கச் சொல்லிக் கேட்பது வீண். கழுத்து என்றால் வீண் என்பதோடு நிற்காது. சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்துத் திருப்பிச் சொடக்கு எடுப்பார்களே, அந்தத் திருப்பில் கழுத்தெலும்பு வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான். இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்கிக்கொள்ள வேண்டிய அபாயம் இல்லை. "வேண்டாம் அண்ணே" என்றால் முடிந்தது.

எம்.ஆர்.ஐ. எடுத்தவர்கள் வேறு வகையில் தவறுகிறார்கள். அறிக்கையில் ஜவ்வுப் பிதுக்கம் என்று பார்த்ததும் பயந்து, பத்து சிட்டிங், இருபது சிட்டிங் என்று பணம் கட்டிவிடுகிறார்கள். வலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஸ்கேன்களை வைத்து 2015-இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றில், இருபது வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும் எண்பது வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் அந்தப் பிதுக்கம் இருந்தது. படத்தில் இருப்பதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகிவிடாது.

வலித்தால்தான் பலனா?

"நல்லா அழுத்துங்க, எனக்குத் தாங்கும்" என்பது பலருக்குப் பெருமை. அளவுக்கு மீறி அழுத்தினால் தசை இளகாது. தற்காப்புக்காக இன்னும் இறுகும். அளவு தெரிந்துகொள்ள எளிய வழி மூச்சு. மூச்சைப் பிடித்துக்கொண்டோ பல்லைக் கடித்தோ படுத்திருந்தால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். மறுநாள் லேசான வலி இருக்கலாம். மூன்றாம் நாளும் தொட முடியவில்லை, நீலம் பாரித்திருக்கிறது என்றால் அது காயம். கெட்ட ரத்தம் வெளியேறுகிறது என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று சொல்லும் முறையிலேயே தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று ஒன்பது வகை சொல்லியிருக்கிறார்கள். அழுத்தல் அதில் ஒன்று, அவ்வளவுதான்.

நடுவில் வரிசையாகத் தட்டுப்படும் எலும்பு முனைகளை அழுத்தக் கூடாது. அவற்றின் இரு பக்கமும் ஓடும் தசையில்தான் வேலை. கடைசி இரண்டு விலா எலும்புகள் முன்பக்கம் எதனோடும் இணையாமல் நிற்பவை, அவற்றின் மேல் முழங்கை வேண்டாம். இடுப்பில் வலி என்றாலும் பிட்டத்துத் தசைகளைக் கவனிக்காமல் விடுவது பெரிய குறை. பல மணி நேரம் உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களுக்கு அங்கே இளக்கினால் இடுப்பு லேசாவதைப் பார்க்கலாம். ஆனால் அந்தத் தசைகளுக்கு அடியில் சுண்டுவிரல் தடிமனில் காலுக்குப் போகும் நரம்பு ஓடுகிறது. அழுத்தும்போது கால் வழியாக மின்சாரம் பாய்வதுபோல் சுரீரென்று இறங்கினால் இடத்தை மாற்றச் சொல்லுங்கள். மசாஜ் கன் வாங்கியவர்களுக்கும் இதே விதிகள்தான். ஓர் இடத்தில் ஓரிரு நிமிடம் போதும்.

எண்ணெயில் அதிகம் மயங்க வேண்டாம். நல்லெண்ணெயோ தைலமோ, கை வழுக்கிக்கொண்டு போக உதவுவதும் சூடும் முக்கியம். சூட்டில்தான் எச்சரிக்கை தேவை. சர்க்கரை நோயால் உணர்ச்சி மழுங்கியவருக்கு ஒத்தடம் சுடுவதே தெரியாது. சூடு வைப்பவர் முதலில் தன் முன்கையில் வைத்துப் பார்த்துவிட்டு வைக்க வேண்டும். பாம் தடவிய இடத்தின் மேலேயே ஹீட்டிங் பேடைக் கட்டிக்கொண்டு தூங்குவது தோல் வெந்துபோக நேர்வழி.

தேய்த்துவிட்டுப் படுத்துக்கொள்வது

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விடப் பரவலான தவறு இதுதான். ஆயிரம், இரண்டாயிரம் செலவழித்து இடுப்பை இளக்கிக்கொண்டு வருகிறோம். வந்ததும் "உடம்பு லேசா இருக்கு" என்று நாள் முழுக்கப் படுக்கை. மறுநாள் பழைய நாற்காலி, பழைய பைக் பயணம். மூன்றாம் நாள் வலி திரும்பியதும் அடுத்த சிட்டிங்.

முதுகுவலிக்குப் படுக்கை ஓய்வு என்ற அறிவுரையை மருத்துவ உலகம் கைவிட்டு வெகுநாளாகிறது. வலி தணிந்திருக்கும் நேரம் அசைவதற்கான நேரம். அன்று மாலையே பத்து இருபது நிமிடம் நடங்கள். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, இடுப்பை மெல்லத் தூக்கி இறக்குங்கள். கையையும் முழங்காலையும் ஊன்றி முதுகை மேலும் கீழும் வளையுங்கள். வலி இருந்தபோது குனிய முடியாத அளவுக்கு இன்று குனிய முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால், அதை நாளைக்கும் செய்யுங்கள். இடுப்பு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு திரிவதை நாள்பட்ட வலிக்கு வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது.

புதிதாக வந்த வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே குறையும். ஆகவே முதல் நாளிலேயே இருபது சிட்டிங்குக்கு முன்பணம் கட்டாதீர்கள். நான்கைந்து முறைக்குள் உட்காருவதில், நடப்பதில், தூங்குவதில் ஒரு மாற்றமும் தெரியவில்லை என்றால் தொடர்வதில் பொருளில்லை. வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவினாலோ அதுவரைகூடக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

கைராசிக்காரரைத் தேடிப் பேருந்து ஏறுவதற்கு முன் அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவை விசாரிக்கலாம். வர்மம், தொக்கணம்தான் வேண்டும் என்றால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. பட்டம் படித்த மருத்துவர் பார்த்த பிறகே சிகிச்சை. நடமாட முடியாத முதியவர்களுக்கு, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது.

யாரிடம் போனாலும் நான்கு விஷயங்களை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: சர்க்கரை இருக்கிறதா, ஸ்டென்ட் வைத்து ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, கர்ப்பமா, சமீபத்தில் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்ததா. கடைசியாகச் சொன்னதில் ரத்தக்கட்டி இருக்கலாம், அந்தக் காலை நீவினால் கட்டி நுரையீரலுக்கு நகரக்கூடும். இதில் எதையும் கேட்காமலே உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றுபவர் என்றால், சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.