சாப்பாட்டுத் தட்டில் ஒரு குட்டி மின்னல்: நிலைமின்சாரத்தை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு தெர்மாகோல் அட்டை, ஒரு கம்பளித் துணி. இந்த மூன்றும் இருந்தால் இன்றைக்கே 10,000 வோல்ட்டுக்கு மேல் உண்டாக்கி, அது காற்றில் தாவுவதைக் கண்ணால் பார்த்துவிடலாம். பயப்பட வேண்டாம், ஏன் என்று பிறகு சொல்கிறேன். இந்தக் கருவிக்கு எலக்ட்ரோஃபோரஸ் என்று பெயர். ஸ்வீடனில் வில்க்கே என்பவர் 1762-இல் இதன் அடிப்படையைக் கண்டார். 1775-இல் இத்தாலியின் வோல்ட்டா அதைத் திருத்தமாகச் செய்து ஊரறியச் செய்தார். வோல்ட் என்ற அளவுக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

நிலைமின்சாரத்தைப் பாடமாகப் படித்தவர்கள் நம்மில் நிறைய இருக்கிறோம். கையால் செய்து பார்த்தவர்கள் குறைவு. ஒருமுறை செய்துவிட்டால் பெட்ரோல் பங்க்கில் ஏன் எச்சரிக்கிறார்கள், ஜெராக்ஸ் மெஷின் எப்படி வேலை செய்கிறது என்பதெல்லாம் தானாகப் பிடிபடும்.

தொடங்கும் முன்: ஈரம்

நான் கடலோர ஊரில் இருப்பவன். ஓர் ஐப்பசி மழை நாளில் தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து இதைச் செய்ய முயன்றேன். அரைமணி நேரம் தேய்த்தும் ஒரு பொறிகூட வரவில்லை. பிள்ளைகள் வாடிய முகத்தோடு வீட்டுக்குப் போனார்கள். அதே தட்டு, அதே தெர்மாகோல், மாசி மாதத்துப் பகலில் முதல் தடவையிலேயே வேலை செய்தன.

காரணம் இதுதான். காற்றில் ஈரம் அதிகமானால் பொருள்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிகிறது. சேர்ந்த மின்னூட்டம் அதன் வழியாகக் கசிந்து போய்விடும். அதனால் மழை இல்லாத நாளாகப் பாருங்கள். எல்லாச் சாமான்களையும் ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். ஏசி அறை கிடைத்தால் இன்னும் நல்லது, ஏசி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும்.

வேண்டிய பொருள்கள்

அடி தட்டையாகவும் விளிம்பு மடித்து உருட்டியதாகவும் இருக்கும் தட்டு ஒன்று. கூரான முனைகள் வழியாக மின்னூட்டம் காற்றில் கசியும், அதனால்தான் உருட்டிய விளிம்பு. தட்டைவிடப் பெரிய தெர்மாகோல் அட்டை ஒன்று. கைப்பிடிக்கு அரை அடி பிவிசி குழாய், அதை ஒட்ட இரட்டைப் பக்க டேப். சூப்பர் க்ளூ வேண்டாம், தெர்மாகோலில் பட்டால் அதை அரித்துவிடும்.

கம்பளி உண்மையான கம்பளியாக இருக்க வேண்டும். கடைகளில் கம்பளி என்று விற்கும் மப்ளர்கள் பல அக்ரிலிக்தான். சந்தேகமாக இருந்தால் ஒரே ஒரு நூலை உருவி, தெர்மாகோலுக்குத் தள்ளிப் போய்க் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாடை வந்தால் கம்பளி, பிளாஸ்டிக் வாடை வந்தால் அக்ரிலிக். கம்பளியே கிடைக்கவில்லையா? எண்ணெய் தடவாத உலர்ந்த தலைமுடி போதும். தெர்மாகோலைத் தலையில் தேய்த்துக்கொள்ளலாம், பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும்.

படி 1: தட்டின் உட்புறம் நடுவில் குழாயை நிமிர்த்தி ஒட்டுங்கள். இனித் தட்டைத் தூக்குவதெல்லாம் இந்தக் குழாயைப் பிடித்துத்தான்.

படி 2: தெர்மாகோலை மேசை மேல் வைத்துக் கம்பளியால் ஒரு நிமிடம் அழுத்தித் தேயுங்கள். பிறகு முழங்கையை அதன் அருகே கொண்டு போங்கள். கையிலுள்ள மெல்லிய முடிகள் எழுந்து நின்றால், சிலந்தி வலை பட்டதுபோல் தோல் குறுகுறுத்தால், சரியாக வந்திருக்கிறது.

இங்கே நடந்தது என்ன? தேய்ப்பதால் மின்சாரம் புதிதாகப் பிறப்பதில்லை. இரண்டு வேறு பொருள்கள் தொட்டுப் பிரியும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எலக்ட்ரான்கள் இடம் மாறுகின்றன. கம்பளி இழந்தது, தெர்மாகோல் பெற்றது. தேய்ப்பது அந்தத் தொடுதலை அதிகமாக்குகிறது, அவ்வளவுதான். தெர்மாகோல் மின்சாரத்தைக் கடத்தாத பொருள் என்பதால், வந்த எலக்ட்ரான்கள் வந்த இடத்திலேயே தங்கிவிடுகின்றன. அப்படி ஓடாமல் நிலைத்திருப்பதால்தான் நிலைமின்சாரம் என்று பெயர்.

படி 3: குழாயைப் பிடித்துத் தட்டைத் தெர்மாகோல் மேல் வையுங்கள். தெர்மாகோலின் எலக்ட்ரான்கள் தட்டுக்குள் ஏறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஏறுவதில்லை. அவை அசையாமல் இருந்துகொண்டே தட்டிலுள்ள எலக்ட்ரான்களை மேல்பக்கமாகத் தள்ளுகின்றன.

படி 4: தட்டின் விளிம்பை ஒரு விரலால் தொடுங்கள். ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கலாம். தள்ளப்பட்ட எலக்ட்ரான்கள் உங்கள் உடல் வழியாகத் தரைக்குப் போய்விட்டன. விரலை எடுத்துவிடுங்கள். முதல் முறை செய்பவர்கள் பெரும்பாலும் மறப்பது இந்தப் படியைத்தான். இதை விட்டால் பின்னால் ஒன்றும் வராது.

படி 5: இப்போது குழாயை மட்டும் பிடித்துத் தட்டை ஓர் அடி உயரம் தூக்குங்கள். அறை இருட்டாக இருக்கட்டும். மற்றக் கையின் விரல் முட்டியை விளிம்பை நோக்கி மெல்லக் கொண்டு வாருங்கள். தொடுவதற்கு முன்பே ‘பட்’ என்று ஒரு நீலப் பொறி தாவும். முட்டியைச் சொல்வதற்குக் காரணம் உண்டு, விரல் நுனியில் உணர்ச்சி அதிகம்.

பொறி எவ்வளவு நீளம் தாவியது என்று கவனியுங்கள். உலர்ந்த காற்றில் ஒரு மில்லிமீட்டர் தாவ ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். 5 மில்லிமீட்டர் தாவினால் 15,000 வோல்ட்.

படி 6: மறுபடியும் தேய்க்காமல், படி 3-இலிருந்து தொடருங்கள். வை, தொடு, விரலை எடு, தூக்கு. மறுபடியும் பொறி! பத்து முறை செய்தாலும் வரும். தெர்மாகோல் தன்னிடமுள்ளதைத் தரவே இல்லையே, பிறகு எப்படித் தீரும்? அப்படியானால் பொறிக்கான ஆற்றல் எங்கிருந்து வருகிறது? உங்கள் கையிலிருந்து. ஒன்றையொன்று ஈர்க்கும் தட்டையும் தெர்மாகோலையும் பிரித்துத் தூக்க நீங்கள் கொடுத்த சிறு உழைப்புதான் பொறியாக வெளியே வருகிறது. இது எனக்குப் புரிந்த அன்று வெகுநேரம் தட்டைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் டெஸ்டர் இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். அதன் பின்முனையில் விரலை வைத்துக்கொண்டு, தூக்கிய தட்டை நுனியால் தொடுங்கள். உள்ளிருக்கும் நியான் விளக்கு ஒரு கணம் மின்னும். மங்கலாகத்தான் இருக்கும், இருட்டில் பாருங்கள்.

15,000 வோல்ட் ஏன் கொல்லவில்லை?

வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தான், ஆனாலும் ஆளைக் கொல்லும். அது விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். தட்டில் இருப்பதோ மிகச் சிறிய அளவு மின்னூட்டம், கண் இமைப்பதற்குள் தீர்ந்துவிடும். ஆனால் இதைச் சேமித்து வைக்க முயல வேண்டாம். பெரிய ஜாடிகளில் மின்னூட்டம் சேர்த்து வான்கோழியைக் கொல்ல முயன்ற பெஞ்சமின் பிராங்க்ளின், 1750-இல் தவறுதலாகத் தானே அந்த அதிர்ச்சியை வாங்கி உணர்விழந்தார். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். செல்போனையும் லேப்டாப்பையும் வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

ஆபத்து உடம்புக்கு அல்ல, பக்கத்தில் இருப்பதற்கு

பெட்ரோல் ஆவி தீப்பற்ற ஒரு மில்லிஜூலுக்கும் குறைவான ஆற்றல் போதும். நம் உடம்பில் ஏறி விரலில் தாவும் ஒரு நல்ல பொறியில் சில மில்லிஜூல் இருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த முறை பங்க்கில் டேங்கர் லாரி இறக்குவதைப் பாருங்கள். குழாயை மாட்டும் முன் லாரியில் எர்த் ஒயரைக் கவ்விவிடுவார்கள். பெட்ரோல் குழாயில் உரசி ஓடும்போதே மின்னூட்டம் சேருகிறது, அது பொறியாகத் தாவாமல் மண்ணுக்கு இறங்க வேண்டும் அல்லவா? கேனில் பெட்ரோல் பிடிப்பதாக இருந்தால் அதற்கென்று செய்த கேனைத் தரையில் வைத்துப் பிடிக்க வேண்டும். வண்டிக்குள் சீட்டின் மேலேயோ பிளாஸ்டிக் விரிப்பின் மேலேயோ வைத்துப் பிடித்தால் மின்னூட்டம் மண்ணுக்கு இறங்க வழியில்லை. தண்ணீர் பாட்டிலில் பிடிப்பதைத் தயவுசெய்து அடியோடு விட்டுவிடுங்கள்.

சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் மருந்து கையாளும் அறைக்குள் போகும் முன் தொட்டுவிட்டுப் போக வாசலில் செம்புத் தகடு வைக்கிறார்கள். நம் படி 4-இல் விரல் செய்த வேலையைத்தான் அந்தத் தகடு செய்கிறது. உள்ளே பருத்தி உடைதான் போட வேண்டும், நைலானும் பாலியஸ்டரும் கூடாது. இந்த விதிகள் சடங்காகிப் போகும் இடத்தில் உயிர் போகிறது என்பது நம் மாநிலத்துக்கு மிக நன்றாகத் தெரியும்.

மின்னணுப் பொருள்களில் சேதம் சத்தமில்லாமல் நடக்கும். சுமார் 3,000 வோல்ட் இருந்தால்தான் நம் விரலுக்குச் சுருக்கென்று தெரியும். சில சிப்களுக்கு 100 வோல்ட்கூட அதிகம். அதாவது நமக்கு ஒன்றுமே தெரியாதபோதே சிப் செத்திருக்கும். கம்ப்யூட்டரைத் திறந்து ராம் மாற்றுபவர்கள் மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டிக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால் கேபினட்டின் வண்ணம் பூசாத உலோகத்தை அவ்வப்போது தொட்டுக்கொள்ளுங்கள்.

நூல் மில்களில் இதே தொல்லை இழை ஒட்டுவதாகவும் அறுவதாகவும் வருகிறது. எனக்கு எதிரியாக இருந்த ஈரத்தை அங்கே துணைக்கு அழைக்கிறார்கள். காற்றில் தண்ணீரைப் பனிபோல் தூவி, ஈரப்பதத்தை வேண்டிய அளவில் நிறுத்துகிறார்கள்.

நமக்கு வேலை செய்யும் நிலைமின்சாரம்

அனல்மின் நிலையப் புகையிலுள்ள சாம்பலுக்கு மின்னூட்டம் ஏற்றித் தகடுகளில் ஒட்ட வைத்துப் பிடிக்கிறார்கள். ஜன்னல் கிரில்களுக்குப் பவுடர் கோட்டிங் அடிப்பதும் இதே வழிதான்.

ஜெராக்ஸ் கதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் ஒரு சிறிய அறையில் செஸ்டர் கார்ல்சனும் அவருடைய உதவியாளர் ஓட்டோ கோர்னையும், கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்தார்கள். ஆம், நம் படி 2 தான். தேதியும் ஊர்ப்பெயரும் எழுதிய கண்ணாடித் துண்டை அதன்மேல் வைத்து வெளிச்சம் காட்டினார்கள். வெளிச்சம் பட்ட இடத்தில் கந்தகம் மின்சாரத்தைக் கடத்தியதால் மின்னூட்டம் வடிந்துபோனது. எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் அது தங்கியது. மேலே நுண்தூளைத் தூவி ஊதியபோது எழுத்து இருந்த இடத்தில் மட்டும் தூள் ஒட்டி நின்றது. அதை மெழுகுத் தாளில் ஒற்றி எடுத்தார்கள். உலகின் முதல் ஜெராக்ஸ் பிரதி அது. அதை வைத்து அலுவலகங்களில் நன்றாக ஓடக்கூடிய இயந்திரம் வர 1959 ஆனது.

இன்றைய இயந்திரத்தில் கைக்குட்டைக்குப் பதில் மின்னேற்றும் கம்பியோ உருளையோ இருக்கிறது, தூளுக்கு டோனர் என்று பெயர். மற்றதெல்லாம் அதேதான். அடுத்த முறை ஜெராக்ஸ் கடையில் நிற்கும்போது, சூடாக வெளியே வரும் தாளை வாங்கியவுடன் முழங்கைக்கு அருகே பிடித்துப் பாருங்கள். தெர்மாகோலுக்கு எழுந்த அதே முடிகள் அதற்கும் எழக்கூடும்.